வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்: முதிய பெற்றோருக்கான வாரிசுரிமை, வஸிய்யத், அரசு உதவி விளக்கங்கள்

வாப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டால் பல வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. "இருக்கும்போதே எழுதி வெச்சிட்டா பின்னால பிரச்சினை வராதே" என்று மூத்த மகன் சொல்வார், மருமகன் சொல்வார், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். பத்திர எழுத்தரைப் பார்த்து, ஒரே நாளில் வீடு ஒருவர் பெயருக்கு மாறிவிடும். அதன் பிறகு அந்தத் தாயும் தந்தையும் தங்கள் வீட்டிலேயே விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். மகள்களுக்கு விஷயம் தெரிய வருவது பெரும்பாலும் ஜனாஸா முடிந்த பிறகுதான்.

பிரச்சினை வரக்கூடாது என்ற எண்ணம் நல்ல எண்ணமே. ஆனால் அதற்கு வீட்டைக் கைமாற்றுவது பெரும்பாலும் தேவையே இல்லை. யாருக்கு எவ்வளவு என்பதைத் திருக்குர்ஆன் 4:11, 4:12, 4:176 ஆகிய வசனங்கள் ஏற்கெனவே பிரித்து வைத்துவிட்டன. வயதான காலத்தில் உண்மையில் எழுதி வைக்க வேண்டியவை வேறு: கடன்கள், அமானிதங்கள், வாரிசு அல்லாதவர்களுக்கான வஸிய்யத், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணத்தின் கணக்கு. இவற்றை யாரும் எழுதுவதில்லை. எழுத அவசியமில்லாத வீட்டைத்தான் முதலில் எழுதிக் கொடுக்கிறோம்.

உயிரோடு இருக்கும்வரை அது உங்கள் சொத்து

"பூர்வீகச் சொத்து, அதில் எனக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு" என்று வாப்பாவிடம் சண்டை போடும் மகன்களைப் பார்க்கிறோம். இது நம் சட்டத்தில் இல்லாத பேச்சு. இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தில் பூர்வீகச் சொத்து, சுயசம்பாத்தியம் என்ற பிரிவே கிடையாது. பாட்டனாரிடமிருந்து வந்ததானாலும், கடை வைத்துச் சம்பாதித்ததானாலும், உரியவர் உயிரோடு இருக்கும்வரை முழுவதும் அவருடையது. அவர் மவுத்தாகும் நொடியில்தான் வாரிசுகளுக்கு உரிமை பிறக்கிறது. பெண்ணின் சொத்தும் இப்படியே. உம்மாவின் நகையிலும் நிலத்திலும் அவர் இருக்கும்வரை கணவருக்கோ பிள்ளைகளுக்கோ பங்கில்லை.

இந்தியாவில் இதற்குச் சட்ட பலம் தருவது 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம். அந்தச் சட்டம் முதலில் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. 1949இல் மதராஸ் மாகாணம் கொண்டுவந்த திருத்தத்தால் நம் பகுதியில் விவசாய நிலமும் அதற்குள் வந்துவிட்டது. ஆகவே "வயல் மட்டும் ஆண்பிள்ளைகளுக்கு" என்று ஊர்ப் பழக்கத்தைக் காட்டுவதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

ஹிபா: கொடுத்தால் கொடுத்ததுதான்

உயிரோடு இருக்கும்போது பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதைப் பலரும் "பாகப்பிரிவினை" என்கிறார்கள். மார்க்கத்தின் பார்வையில் அது ஹிபா, அதாவது அன்பளிப்பு. அது செல்லுபடியாக மூன்று விஷயங்கள் வேண்டும்: கொடுப்பவர் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், சொத்து அவர் கைவசம் ஒப்படைக்கப்பட வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் ஹிபா நிறைவேறாது. "எனக்குப் பிறகு நீ எடுத்துக்கொள்" என்று சொன்னால் அது ஹிபா அல்ல, வஸிய்யத்தாகிவிடும். மகன் ஒரு வாரிசு என்பதால் மற்ற வாரிசுகள் ஒப்பாத வரை அந்த வஸிய்யத்தும் செல்லாது.

இந்த மூன்றும் இருந்தால் வாய்மொழி ஹிபாவும் செல்லும். எழுதியிருந்தாலும் பதிவு செய்யாததாலேயே அது செல்லாமல் போகாது என்று உச்சநீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் பட்டா மாற்றப் போனால் பதிவான பத்திரத்தைத்தான் கேட்பார்கள். வாய்மொழி ஹிபா என்பது சாட்சிகள் மவுத்தான பிறகு வழக்காக மாறக்கூடிய ஒன்று. கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால் தான செட்டில்மெண்ட் பத்திரமாகப் பதிவு செய்துவிடுவதே நல்லது. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன.

பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுக்கலாமா? நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஒரு அன்பளிப்பு கொடுத்துவிட்டு, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே போலக் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். இந்த ஹதீஸ் நம் ஜுமுஆ மேடைகளில் போதிய அளவு சொல்லப்படவில்லை என்பது என் கருத்து. ஹிபாவில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கும் இல்லை. அது வாரிசுப் பங்குக்கு உரியது. உயிரோடு கொடுக்கும்போது ஆண், பெண் இருபாலருக்கும் சமமாகக் கொடுப்பதே பெரும்பாலான இமாம்களின் நிலைப்பாடு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் கல்யாணத்தோடு மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே இதே கேள்வியை மகன்கள் கேட்கிறார்கள், அதுவும் நியாயமான கேள்விதான். மற்ற ஊர்களில் "சீதனமாக நகை போட்டோமே, அதுதான் உன் பங்கு" என்று மகளிடம் சொல்கிறார்கள். கல்யாணத்தில் கொடுத்தது வாரிசுப் பங்கில் கழியாது. இறப்பதற்கு முன் வாரிசுப் பங்கென்று ஒன்று இல்லாதபோது அதை முன்கூட்டியே கொடுத்துத் தீர்க்க முடியாது.

இன்னொரு விஷயம் மருத்துவமனைக் கட்டிலில் நடப்பது. மவுத்துக்குக் கொண்டுபோன நோயில் இருக்கும்போது எழுதிக் கொடுத்த ஹிபாவை மார்க்கமும் இந்திய நீதிமன்றங்களும் வஸிய்யத்தின் கணக்கில்தான் வைக்கின்றன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. வாரிசுக்குக் கொடுத்திருந்தால் மற்ற வாரிசுகள் ஒப்பினால்தான் செல்லும். ஐசியூ வாசலில் கைரேகை வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

"என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுக்கிறேன்" என்று சிலர் சொல்கிறார்கள். இங்கே கவனமாக இருக்க வேண்டும். ஹனஃபி ஃபிக்ஹின்படி ஹிபாவின் முழுமையைக் குறைக்கும் நிபந்தனை போட்டால் ஹிபா செல்லும், நிபந்தனைதான் செல்லாது. நாட்டுச் சட்டம் வேறு பாதையில் போகிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதி வாங்கிவிட்டு மகன் கைவிட்டால் அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம் என்கிறது. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022இல் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தச் சட்டம் முதியோரைக் காக்க வந்தது என்பதால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. சட்டம் இப்படி உதவிக்கு வரும் என்றாலும், எழுபத்தைந்து வயதில் பெற்ற மகன் மீது மனு எழுதி, கோட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்திருந்துதான் அந்த உதவியைப் பெற வேண்டும். குடியிருக்கும் வீடு ஒன்றே சொத்தாக உள்ள பெற்றோருக்கு நான் சொல்லும் ஆலோசனை: அந்த வீட்டை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக மனையோ கடையோ இருந்தால் அதைச் சமமாக ஹிபா செய்வது உங்கள் விருப்பம்.

வஸிய்யத் யாருக்காக?

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யவா என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் வேண்டாம் என்றார்கள். பாதியும் வேண்டாம் என்றார்கள். மூன்றில் ஒன்றை அனுமதித்து, அதுவே அதிகம் என்றும் சொன்னார்கள். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பதும் நபிமொழி. இந்த இரண்டும்தான் அடிப்படை. இந்திய நீதிமன்றங்களும் இதையே பின்பற்றுகின்றன. மூன்றில் ஒன்றுக்கு மேல் எழுதினாலோ, வாரிசுக்கு எழுதினாலோ, எழுதியவர் இறந்த பிறகு மற்ற வாரிசுகள் சம்மதித்தால் மட்டுமே அது செல்லும்.

பத்திர எழுத்தரிடம் "உயில் எழுத வேண்டும்" என்று போய் நின்றால் அவர் கையில் இருக்கும் மாதிரியைத்தான் எடுப்பார். அதில் "எனது சகல சொத்துக்களும் எனது மூத்த குமாரருக்கு" என்று இருக்கும். முஸ்லிமுக்கு அந்த உயில் ஒரு வெற்றுத்தாள் மாதிரிதான். பணம் கொடுத்து அதைப் பதிவு செய்து பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

அப்படியானால் வஸிய்யத் யாருக்கு? பங்கு கிடைக்காதவர்களுக்கு. அவர்களில் முதலிடம் முன்பே தகப்பனை இழந்த பேரப்பிள்ளைகளுக்கு. ஒருவருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் விபத்தில் இறந்துபோகிறார், அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். பிறகு பாட்டனார் மவுத்தாகிறார். உயிரோடு ஒரு மகன் இருப்பதால் இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. முன்பே இறந்துபோன மகளின் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். இதைக் காட்டித்தான் "உங்கள் மார்க்கம் எத்தீம்களைத் தெருவில் விடுகிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். மார்க்கம் விடவில்லை. மூன்றில் ஒரு பங்கைப் பாட்டனாரின் கையில் கொடுத்து வைத்திருக்கிறது, அவர்தான் பயன்படுத்துவதில்லை. எகிப்து 1946இல் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்குக் கட்டாய வஸிய்யத் என்ற சட்டமே கொண்டுவந்தது. பாகிஸ்தான் 1961இல் வேறு முறையில் அவர்களுக்குப் பங்கு கொடுத்தது, அதை உலமாக்களில் பலர் ஏற்கவில்லை. இந்தியாவில் அப்படி எந்தச் சட்டமும் இல்லை. எழுதாமல் போனால் அந்தப் பிள்ளைகள் சித்தப்பா, பெரியப்பாவின் தயவில்தான் நிற்க வேண்டும். பங்கு பிரிக்கும் இடத்தில் உறவினர்களும் எத்தீம்களும் இருந்தால் அவர்களுக்கும் ஏதாவது கொடுக்கச் சொல்கிறது 4:8ஆம் வசனம். அதை நினைவில் வைத்துப் பங்கு பிரிக்கும் குடும்பங்கள் குறைவு.

அடுத்து, மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்த விதவை மருமகள். அவர் வாரிசு அல்ல. எடுத்து வளர்த்த பிள்ளையும் வாரிசு அல்ல. இஸ்லாத்தைத் தழுவியவரின் முஸ்லிமல்லாத தாய் தந்தையும் பங்கு பெறமாட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் வஸிய்யத் எழுதலாம். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் எழுதுவது நன்மைதான். ஆனால் வீட்டில் எத்தீம் பேரன் இருக்கும்போது அவனை முதலில் நினைக்க வேண்டும் என்பேன். மதரஸாவில் இருக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு மவுத்தாகிறார். முன்பே இறந்த இன்னொரு மகனின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோர் இல்லை. வீடு, மனை, கையிருப்பு எல்லாம் சேர்த்து 48 லட்ச ரூபாய். முதலில் கஃபன், அடக்கச் செலவு. பிறகு கடன், மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் இதில் சேரும். இரண்டும் சேர்த்து 3 லட்சம் என்று வைத்தால் மீதி 45 லட்சம். வஸிய்யத்துக்கு உச்சம் 15 லட்சம். அவர் பேரப்பிள்ளைகளுக்கு 5 லட்சம் எழுதியிருந்தால் அது போக 40 லட்சம். இதில் மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். மீதி 35 லட்சத்தை ஐந்து பாகமாக்கினால் மகன்களுக்கு ஆளுக்கு 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். இந்த வரிசை முக்கியம்: அடக்கச் செலவு, கடன், வஸிய்யத், பிறகுதான் பங்கு. கடனைத் தீர்க்காமல் பங்கு பிரிப்பது அடுத்தவர் பொருளைப் பிரிப்பதாகும்.

கொடுக்காமல் விட்ட ஸகாத், செய்யாமல் விட்ட ஹஜ் ஆகியவற்றில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அவையும் கடன்தான், எழுதி வைக்காவிட்டாலும் சொத்திலிருந்து நிறைவேற்ற வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவர் வஸிய்யத் செய்திருந்தால்தான் வாரிசுகள் மீது கடமையாகும், அதுவும் மூன்றில் ஒன்றுக்குள். ஆகவே ஹனஃபிகள் இதையும் எழுதி வைக்க வேண்டும். நோன்பின் ஃபித்யாவும் அப்படியே.

முஸ்லிமின் வஸிய்யத்துக்குச் சட்டப்படி எழுத்தே கட்டாயமில்லை, சாட்சிக் கையொப்பமும் கட்டாயமில்லை. நீதிமன்றத்தில் புரோபேட் வாங்க வேண்டிய கட்டாயமும் நமக்கில்லை. ஆனால் எழுதாத வஸிய்யத்தை யார் நிறைவேற்றுவார்? வெள்ளைத் தாளில் எழுதி, பயன்பெறாத இருவரைச் சாட்சியாக்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். ஒரு பிரதியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பெட்டிக்குள் யாரும் அறியாமல் இருக்கும் தாளால் பயனில்லை.

பெண் பிள்ளைகள் மட்டும் இருந்தால்

உஹதில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் மனைவி தம் இரண்டு மகள்களை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் பெரிய தகப்பன், சிறிய தகப்பன் முறையில் உள்ளவர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்று முறையிட்டார். பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. மகள்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி சகோதரருக்கு என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். 24 பாகமாக வைத்தால் மகள்களுக்கு 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு 5. ஒரே மகள் என்றால் அவளுக்குப் பாதி, 12. மனைவிக்கு 3, சகோதரருக்கு 9.

இது தெரியாமல் மகள்கள் திகைக்கிறார்கள். தெரிந்த தந்தைகளில் சிலர் தம்பிக்குப் போகக்கூடாது என்பதற்காகவே எல்லாவற்றையும் மகள்கள் பெயரில் மாற்றிவிடுகிறார்கள். வாரிசின் பங்கைத் தடுக்கும் நோக்கத்தில் செய்வது பாவம். மகள்களின் தேவைக்காக நல்ல உடல்நிலையில் சமமாக ஹிபா செய்து கைவசம் ஒப்படைப்பது கூடும். இரண்டுக்கும் பத்திரம் ஒன்றுபோலத்தான் இருக்கும், நிய்யத் மட்டுமே வேறு. உங்கள் ஊர் ஆலிமிடம் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிக் கேட்டுச் செய்யுங்கள்.

மகன் அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு

துபாயிலும் சவூதியிலும் இருபது ஆண்டுகள் உழைத்த மகன் பணம் அனுப்புகிறான். மனை வாப்பா பெயரில். மாடி எழும்புகிறது. வாப்பா மவுத்தான பிறகு அவன் "வீடு என்னுடையது" என்கிறான், தங்கைகள் "பத்திரம் வாப்பா பெயரில்தானே" என்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. அந்தப் பணம் கடனா, அன்பளிப்பா, கூட்டா என்று யாரும் பேசாததால் வந்த வினை இது. கடன் என்றால் பங்கு பிரிக்கும் முன் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்பளிப்பு என்றால் வீடு முழுவதும் வாப்பாவின் சொத்து, எல்லோருக்கும் பங்கு. கூட்டு என்றால் அவன் போட்ட அளவு அவனுக்கு. தந்தையும் மகனும் உயிரோடு இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு, மற்ற பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள். பேசக் கூச்சமாகத்தான் இருக்கும்.

நாமினியும் பென்ஷனும்

வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர்தான், உரிமையாளர் அல்ல. உச்சநீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவர் வாங்கி வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக வைக்கலாம். மகனை மட்டும் போடாமல் மனைவியையும் மகளையும் சேர்த்துப் போடுவது பல சந்தேகங்களைத் தடுக்கும்.

அரசு ஊழியராக இருந்தவரின் பிஎஃப் தொகை, நிலுவைச் சம்பளம் போன்றவை அவருக்குச் சேர வேண்டியவை. எனவே அவை பங்கில் சேரும். குடும்ப ஓய்வூதியம் அப்படியல்ல. அது அவர் இறந்த பிறகு விதிகளின்படி மனைவிக்கு அரசு கொடுப்பது, மகன்கள் அதில் பங்கு கேட்க முடியாது.

அரசு உதவி: கேட்பதில் வெட்கம் இல்லை, பொய்யில்தான் வெட்கம்

தமிழ்நாட்டில் 60 வயது கடந்த, ஆதரவற்ற முதியோருக்கு மாத உதவித்தொகை உண்டு. 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆதரவற்ற விதவைகளுக்கும் தனித் திட்டம் உண்டு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படத்தோடு இ-சேவை மையத்தில் மனு செய்யலாம். மனு சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியரிடம் போகும், கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரிப்பார். இது வட்டி அல்ல, யாசகமும் அல்ல. பொதுக் கருவூலத்திலிருந்து தேவையுள்ளவருக்கு வரும் உதவி. தகுதியுள்ளவர் வாங்கலாம்.

ஆனால் உதவித்தொகைக்காகவே வீட்டை மகன் பெயருக்கு மாற்றிவிட்டு "சொத்தில்லை, ஆதரவில்லை" என்று எழுதிக் கொடுப்பது பொய். அதோடு மாதம் 1,200 ரூபாய்க்காகக் கூரையை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது. வசதியுள்ள மகன்கள் இருக்கும்போது பெற்றோரைப் பராமரிப்பது அவர்கள் மீது கடமை. அதனால்தான் பெற்றோருக்கு ஸகாத் கொடுத்தால் நிறைவேறாது என்று ஃபுகஹாக்கள் சொல்கிறார்கள். "ஸகாத் பணத்தில்தான் உம்மாவுக்கு மருந்து வாங்குகிறேன்" என்று சொல்கிற மகன் தன் கடமையைத் தன் ஸகாத்திலிருந்து கழிக்கிறார். அது கூடாது. தேவையுள்ள அண்ணன், தங்கை, மாமிக்கு ஸகாத் கொடுக்கலாம், அதில் உறவைப் பேணும் நன்மையும் சேரும்.

மருத்துவத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. நோய் வந்த பிறகு ஓடாமல், வருமானச் சான்று வாங்கி அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் மாவட்டந்தோறும் இயங்குகிறது. ஜமாஅத் நிர்வாகிகளில் பலருக்கே இது தெரியாது. இமாம்கள், முஅத்தின்கள், மதரஸா ஆசிரியர்களுக்கு 2009இல் அமைக்கப்பட்ட உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நலவாரியம் இருக்கிறது. முதுமையில் உதவித்தொகை வேண்டுமானால் பணியில் இருக்கும்போதே உறுப்பினராகியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் பார்க்கவில்லை என்றால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். எல்லா மதத்தினருக்கும் பொதுவான சட்டம். வழக்கறிஞர் தேவையில்லை. மகன், மகள், பருவமடைந்த பேரன், பேத்தி எல்லோரும் பொறுப்பாளிகள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினரிடமிருந்தும் கேட்கலாம். எங்கே போவது என்று புரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். மனு கொடுக்கும் முன் ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசுவது நல்லதுதான். ஆனால் "குடும்ப மானம் போகும்" என்று சொல்லி, பசியோடு வந்த தாயைத் திருப்பி அனுப்பும் பஞ்சாயத்து வேண்டாம்.

தாள்கள்

இத்தனைக்கும் தடையாக நிற்பது பெரும்பாலும் பெயர்தான். ஆதாரில் சாகுல் ஹமீது, பட்டாவில் ஷாகுல் அமீது, குடும்ப அட்டையில் வெறும் ஹமீது. மூன்றும் ஒருவரே என்று அவர் உயிரோடு இருக்கும்போது நிரூபிப்பது எளிது. மவுத்துக்குப் பிறகு அதற்காகவே அலைய வேண்டும். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். நிகாஹ் தஃப்தரின் நகலை ஜமாஅத்திலிருந்து வாங்கி வையுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த கல்யாணத்துக்கு அரசுப் பதிவு இருக்காது. கணவர் இறந்த பிறகு தான் மனைவி என்று காட்ட அந்த விதவைக்கு அதுவே பெரிய ஆதாரம்.

மவுத் நேர்ந்தால் 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அடக்கஸ்தலச் சீட்டை எடுத்து வையுங்கள். பிறகு வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மூலம் மனு. அந்தச் சான்றிதழ் உறவைத்தான் காட்டும், பங்கைச் சொல்லாது. அதில் நான்கு பெயர் இருப்பதால் நான்கு சம பங்கு என்று ஆகாது. பங்குக் கணக்கை ஃபராயிள் தெரிந்த ஆலிமிடம் எழுதி வாங்கி, அதன்படி பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்வதே முறை. மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால், அது எவ்வளவு என்று அவருக்கு முதலில் சொல்லியாக வேண்டும். பிறகு சில மாதங்கள் கழித்து விடுதலைப் பத்திரம் எழுதட்டும், இத்தாவில் உம்மா இருக்கும் வீட்டில் அவசரமாக வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்தில் கையொப்பமிட்டு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.